அறுபதுக்கும் ஐம்பத்தெட்டுக்கும் நடுவே

சாயங்கால டீ வாங்கிக்கொண்டு படியேறுகிற நேரத்தில்தான் அடைக்கலமேரிக்கு எதையாவது நிம்மதியாக யோசிக்க முடியும். மேலே போய்விட்டால் யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள், கீழே டீக்கடைக்காரர் ஊர்க்கதை பேசுவார், நடுவே இருக்கிற இந்தப் படி மட்டும்தான் அவளுக்கென்று விட்டுவைத்த இடம், அதிலும் பாருங்கள், இப்போது முட்டி வந்து குறுக்கே உட்கார்ந்துகொண்டது. ஒரு கையில் ஃபிளாஸ்க், இன்னொரு கையில் வடைப் பொட்டலம், பொட்டலத்து எண்ணெய் விரலுக்கு ஏறிக்கொண்டிருந்தது, முதல் திருப்பத்தில் வழக்கம்போல நின்றாள். என்ன செய்யப்போறே என்று கேட்டது முட்டியா மனசா தெரியவில்லை. அஞ்சு மணிக்குள்ள சொல்லிடுங்க மேரிம்மா, இன்னிக்கித் தபால்ல போயாகணும் என்று சூப்ரண்டு காலையிலேயே சொல்லிவிட்டார். சொல்ல வேண்டியது ஒரு வார்த்தைதான், வேணும், இல்லாவிட்டால் வேண்டாம், கறிக்கடையில் எலும்பு போடட்டுமா என்று கேட்டால் சொல்லிவிடுகிறோமே அந்த மாதிரி, ஆனால் அந்த ஒரு வார்த்தைக்காக இந்த வாரம் பூராவும் தூக்கம் போச்சு. விஷயம் ஒன்றும் தேவரகசியம் இல்லை. இந்த இலாகாவில் அலுவலக உதவியாளராகவே, பழைய ஆட்கள் வாயில் பியூனாகவே, இருந்துவிட்டால் அறுபது வயதுவரை வேலை உண்டு. அதற்கு மேலே ஒரே ஒரு படி ஏறிப் பதிவறை எழுத்தர் ஆகிவிட்டால் ஐம்பத்தெட்டிலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கீழே நிற்கிற ஆளுக்கு ரெண்டு வருஷம் கூட, மேலே ஏறுகிற ஆளுக்கு ரெண்டு வருஷம் கம்மி, எந்தப் புண்ணியவான் எழுதிவைத்த கணக்கோ, கேட்டால் விதி என்பார்கள். அடைக்கலமேரிக்கு வருகிற மார்ச்சில் ஐம்பத்தெட்டு. பதவி உயர்வோ இந்த ஆகஸ்டில் வந்து நிற்கிறது, வரவேண்டிய காலத்திலெல்லாம் வராமல், முட்டி தேய்ந்த பிறகு. வாங்கிக்கொண்டால் ஏழு மாசம் நாற்காலி, மார்ச்சில் மாலை போட்டு வழியனுப்பு. வேண்டாம், விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதிக்கொடுத்தால் அதே ஸ்டூல், அதே டீ, அதே படி, அதே மணி, அறுபதுவரைக்கும்.

திருப்பத்தில் ஒரு ஜன்னல் உண்டு, கண்ணாடி போய்த் தகரம் அடித்தது, அந்தத் தகரமும் ஓரத்தில் பிய்ந்து தஞ்சாவூர் ரோடு ஒரு கீற்று தெரியும். மேளம் கேட்டது. அவள் கண்ணை வைத்துப் பார்த்தாள், காவிச் சேலையும் காவி வேட்டியுமாக ஒரு கூட்டம், முன்னால் சின்னத் தள்ளுவண்டியில் மாதா, வண்டிக்குச் சீரியல் பல்பு, பகலிலேயே எரிகிறது, கரண்டு எங்கேயிருந்து வருகிறதோ, மணப்பாறைக்காரர்களாக இருக்கும், இல்லாவிட்டால் திண்டுக்கல் பக்கம். கொடியேற்றத்துக்கு முன்னால் வேளாங்கண்ணி போய்ச் சேரவேண்டும் என்று நடக்கிறார்கள். ஒரு பொம்பளை செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு போகிறாள், தார் என்ன சூடு சுடும், ஆனாலும் அவள் பக்கத்தில் வருகிறவளிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு போகிறாள். மரியே வாழ்க என்று ஒருத்தன் கத்த, எல்லாரும் கத்த, அடைக்கலமேரியின் உதடும் தன்னால் அசைந்தது, ஃபிளாஸ்க்கைப் பிடித்த கையால் சிலுவை போடவா முடியும். அவளுக்கு இந்த மேளம் ஆகாது. வருஷா வருஷம் ஆகஸ்டு கடைசியில் இந்த ரோட்டில் இது கேட்கும். கடன் இருக்கிறது. கடனென்றால் பணக்கடன் இல்லை, வீட்டு லோன்கூடப் போன மாசம் முடிந்துவிட்டது, இது மாதாவிடம் வைத்த கடன். அருள் கைக்குழந்தையாக இருந்தபோது ஒருநாள் காய்ச்சல் ஏறி, கண் மேலே சொருகி, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தது, ஆஸ்பத்திரி வராண்டாவில் அவளும் அவள் வீட்டுக்காரர் சவரிமுத்துவும் நின்றுகொண்டு வாய்விட்டே சொன்னார்கள், பிள்ளை பிழைச்சா ரெண்டு பேரும் நடந்தே வர்றோம் தாயே என்று. பிள்ளை பிழைத்தான். இப்போது ஓசூரில் கம்பெனி வேலையில் இருந்துகொண்டு, போனில் அம்மாவுக்கே புத்தி சொல்கிற அளவுக்கு நன்றாகவே பிழைத்திருக்கிறான். நடக்கத்தான் இல்லை. பஸ்ஸில் போனார்கள், ஒருதடவை ரயிலில்கூடப் போனார்கள். ஆகஸ்டு வந்தால் சவரிமுத்து, லீவு தரமாட்டேங்குறான் மேரி, முகாம் மேல முகாம், ரிட்டையர்டு ஆனதும் ரெண்டு பேரும் ஜாலியா நடந்து போவோம், வழியெல்லாம் மோர் குடுப்பாங்க, குடிச்சிக்கிட்டே போவோம் என்பார். எதைக் கேட்டாலும் அந்த மனுஷனுக்கு ரிட்டையர்டு ஆனதும்தான். மாடு வாங்கலாமா, ரிட்டையர்டு ஆனதும். குற்றாலம் போலாமா, ரிட்டையர்டு ஆனதும். நாற்பது வயசைக்கூடத் தொடவில்லை. இதே ஆபீஸ் ஜீப்புக்கு டிரைவர், துறையூர் போகிற வழியில், வண்டியை ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டு, சார் ஒரு நிமிஷம் என்று சாவியை எடுத்து அதிகாரி கையில் கொடுத்துவிட்டு, அப்படியே சாய்ந்துவிட்டார். வண்டிக்கு ஒரு கீறல் இல்லை. அவர் போன பிறகு கருணை அடிப்படையில் அவளுக்குக் கிடைத்ததுதான் இந்த வேலை. அந்த ஜீப்பை ஏலத்தில் விட்டபோது அடைக்கலமேரி போய் ஹேண்ட் பிரேக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள்.

மேளம் போய்விட்டது. அவள் அடுத்த படியில் கால் வைத்தாள், நல்ல காலை முதலில், கெட்ட காலை அப்புறம், இறங்கும்போது அதைத் தலைகீழாகச் செய்யவேண்டும் என்று எலும்பு டாக்டர் சொல்லிக்கொடுத்தார், கூடவே இன்னொன்றும் சொன்னார், ஏறி இறங்கிக்கிட்டே இருந்தீங்கன்னா இன்னும் ரெண்டு வருஷத்துல இந்தக் கால் நடக்கவே யோசிக்கும்மா. எல்லாருக்கும் இந்த ரெண்டு வருஷம் எங்கேயிருந்துதான் கிடைக்குமோ. மேலே போனதும் டைப்பிஸ்டு பிரேமலதா முதல் ஆளாகத் தம்ளரை நீட்டினாள். "என்னக்கா, முகம் ஏன் இப்படி இருக்கு? இன்னும் யோசனை தீரலையா? ஏழு மாசத்துக்கு ஆசைப்பட்டு ரெண்டு வருஷத்தை விட்டுராதீங்க. வீட்ல உக்காந்து சீரியல்தான் பாக்கணும், சொல்லிட்டேன்." சொல்லிவிட்டு வடையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள், அவளுக்கு அறுபதும் இல்லை ஐம்பத்தெட்டும் இல்லை, இன்னும் கல்யாணமே ஆகவில்லை. சூப்ரண்டு சந்தானகோபாலன் டீயை ஆற்றிக்கொண்டே, "இதுல யோசிக்க என்ன இருக்கு மேரிம்மா? விட்டுக்குடுக்கிறேன்னு நானே எழுதிடுறேன், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க" என்றார். கெட்ட மனுஷன் இல்லை, அவள் நல்லதுக்குத்தான் சொல்கிறார். "உங்களுக்குப் பென்ஷன் தகுதியெல்லாம் எப்பவோ வந்தாச்சு, பத்து வருஷம் இருந்தாப் போதும். முழுப் பென்ஷனுக்கு முப்பது வருஷம் வேணும், அது அறுபதுவரைக்கும் இருந்தாலும் வராது. ஆனா ரெண்டு வருஷம் இருந்தா கொஞ்சம் கூடும்ல? உங்களுக்கு முன்னால காஜா மொய்தீன்னு ஒருத்தர் இருந்தாரே, ஞாபகம் இருக்கா? வாங்கிக்கிட்டாரு. என்னாச்சு? நாற்காலி சூடாகறதுக்குள்ள வீட்டுக்கு அனுப்பிட்டாங்க." ஞாபகம் இல்லாமலா. ஆபீசே சிரித்தது, மூணு மாச எழுத்தர் என்று பேர் வைத்தார்கள், அவளும் சிரித்தாள், சிரிக்காவிட்டால் நன்றாயிருக்காதே. ஆனால் அதற்கப்புறம் ஒருநாள் தபால் கொடுக்கப் போனபோது காந்தி மார்க்கெட் பக்கம் காஜா மொய்தீனைப் பார்த்தாள், அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. காலை பதினோரு மணி. ஆபீசுக்காரன் எவனும் ரோட்டில் இருக்கக்கூடாத நேரம். மனுஷன் கட்டம் போட்ட கைலியைக் கட்டிக்கொண்டு, பொட்டலத்து வேர்க்கடலையை ஒவ்வொன்றாக உடைத்துத் தின்றுகொண்டு, ஒரு கடை வாசலில் தொங்கின கூண்டுக் கிளியை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அவசரமே இல்லை. அவள் ஒரு ஓரமாக நின்று பார்த்துவிட்டு, கூப்பிடாமல் வந்துவிட்டாள். ஏன் கூப்பிடவில்லை என்று இன்றைக்குவரை தெரியவில்லை, தூங்குகிற பிள்ளையை எழுப்பக்கூடாது என்பது மாதிரி ஒன்று.

"சொல்றேன் சார், அஞ்சு ஆகலையே" என்று சொல்லிவிட்டு அதிகாரி அறை வாசலில் தன் ஸ்டூலுக்கு வந்து சேர்ந்தாள். தலைக்கு நேர்மேலே காலிங் பெல். அது சும்மா இருக்கும்போதும் அவளுக்கு அது அடிக்கப்போகிறது என்று காது விறைத்துக்கொண்டே இருக்கும். எத்தனை அதிகாரிகள், எத்தனை விரல்கள். ஒருத்தர் அழுத்தினால் எடுக்கவே மாட்டார், கதவைத் திறந்து முகத்தைக் காட்டினால்தான் விரல் இறங்கும். ஒருத்தர் தட்டினமாதிரி தட்டிவிட்டு, ஏம்மா இவ்வளவு நேரம் என்பார். இப்போது இருக்கிற மேடம் சின்னப் பெண், அருளைவிடச் சின்னவள், மணி அடித்துவிட்டு, சாரி மேரிம்மா, இந்த ஃபைலை மட்டும் என்று இழுப்பாள், நல்ல பெண், ஆனால் நல்ல விரலானாலும் மணி மணிதானே. வீட்டில் அடுத்த வீட்டுக்காரன் சைக்கிள் மணி அடித்தால் அடைக்கலமேரி சோற்றுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து நின்றுவிடுகிறாள். எழுந்தபிறகுதான் எதற்கு எழுந்தோம் என்று தெரியும். அங்கேதான் பயம். அப்பாவுக்கு அப்படித்தான் ஆயிற்று. அப்பா மிக்கேல் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கலாசி, பளு தூக்குகிற வேலை, சங்கு ஊதினால் எழுந்திருப்பார், சங்கு ஊதினால் சாப்பிடுவார், சங்கு ஊதினால் வீட்டுக்கு வருவார். வயசு முடிந்தது, மாலை போட்டு அனுப்பினார்கள், மறுநாள் காலை சங்கு ஊதியதும் மனுஷன் எழுந்து, குளித்து, காக்கிச்சட்டை மாட்டி, டிபன் பாக்ஸைத் தேடுகிறார். எங்கே கிளம்பிட்டீங்க என்று அம்மா கேட்டதும், பேந்தப் பேந்த முழித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். அப்புறமும் விடவில்லை. பாதி நாள் ஒர்க்‌ஷாப் கேட்டுவரைக்கும் போய்விடுவார், வாட்ச்மேன், என்ன மிக்கேலு, மறந்துட்டியா என்று சிரிப்பான், இவரும் சிரித்துக்கொண்டே திரும்புவார். ரெண்டு வருஷம் தாங்கவில்லை. சங்கு அடங்கின வீட்டில் அவருக்கு மூச்சு முட்டிவிட்டது. ஐயோ, எனக்கும் அப்படி ஆகிவிட்டால். மத்தியானம் ரெண்டு மணிக்கு, தெருவே அடங்கிக் கிடக்கும்போது, ஒரு மணியும் அடிக்காமல், யாரும் மேரிம்மா என்று கூப்பிடாமல், கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டு. அதற்கு அறுபதே மேல். அறுபது வந்தால் மட்டும் என்ன, அப்போதும் அதே சுவர்தானே. சுவர் எங்கேயும் ஓடிவிடாது, ரெண்டு வருஷம் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான். தள்ளிப்போடுவது. ரிட்டையர்டு ஆனதும். அந்த வார்த்தை வந்ததும் அவளுக்குச் சுருக்கென்றது.

அப்பாவை நினைத்தால் அந்த இழுப்பும் கூடவே வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப்போன அன்றைக்கு சிஸ்டர் அவளை நிற்கவைத்து, வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார். அப்போதெல்லாம் அதுதானே பிறந்த சர்ட்டிபிகேட்டு, காது எட்டினால் அஞ்சு வயசு, எட்டாவிட்டால் வீட்டுக்குப் போய் அடுத்த வருஷம் வா. அவளுக்கு எட்டவில்லை. எங்கே எட்டும், நாலுதான் ஆகியிருந்தது. சிஸ்டர் பேனாவில் மை நிரப்பக் குனிந்த நேரத்தில் அப்பா அவள் விரலைப் பிடித்து ஒரே இழு இழுத்தார் பாருங்கள், அக்குள் நரம்பு இன்றைக்கும் அந்த வலியைச் சொல்லும், விரல் காதைத் தொட்டுவிட்டது. தொட்டுட்டா சிஸ்டர் என்றார் அப்பா, ஒன்றும் தெரியாதவர் மாதிரி. அந்த இழுப்பில் ஒரு வயசு கூடிவிட்டது. மார்ச் மாசத்தில் ஏதோ ஒரு தேதியும் சிஸ்டரே போட்டுக்கொடுத்தார். வேலையில் சேர்ந்து அஞ்சு வருஷத்துக்குள்ளே சொல்லியிருந்தால் திருத்தியிருப்பார்களாம், அவளுக்கு அப்போது பிள்ளையைப் படிக்கவைக்கிற கவலை, வயசைப் பற்றி யார் நினைத்தது. இப்போது நினைத்து நினைத்து அப்பாவைத் திட்டுவாள், உன்னால எனக்கு ஒரு வருஷ சர்வீஸ் போச்சுப்பா என்று. இன்றைக்கு ஸ்டூலில் உட்கார்ந்து முட்டியைத் தடவிக்கொண்டிருந்தபோது வேறே மாதிரி ஒன்று தோன்றியது, அட, அப்படியென்றால் ஆபீஸ் கணக்கில்தானே ஐம்பத்தெட்டு, இந்தக் காலுக்கு வருகிற மார்ச்சில் ஐம்பத்தேழுதான். ஒரு வருஷம் இளசு. அப்பா பேனாவுக்குத் தெரியாமல் ஒரு வருஷத்தை எடுத்து என் மடியில் முடிந்துவிட்டிருக்கிறார், நான்தான் இத்தனை நாளாக அதைத் தொலைத்ததாக நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வராண்டாவில் போன ஒரு ஒப்பந்தக்காரர் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மணி அடித்தது. அவள் நின்றுவிட்டாள், எப்போது எழுந்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது, மணி கேட்டதா கால் எழுந்ததா, எது முன்னால். உள்ளே மேடம் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "மேரிம்மா, லால்குடி கட்டடத்தோட பழைய ஃபைல் ஒண்ணு பதிவறையில இருக்கும், பச்சை அட்டை. அங்கேதான் இப்ப ஆள் இல்லையே, நீங்களே பாத்து எடுத்துட்டு வந்துடுறீங்களா?" என்றவள், தலையை நிமிர்த்தி, "உங்க விஷயம் முடிவு பண்ணிட்டீங்களா?" என்று கேட்டாள். "இன்னும் இல்லைங்க மேடம்." "எங்கம்மாகூட டீச்சரா இருந்து ரிட்டையர்டு ஆகி மூணு வருஷம் ஆச்சு. இப்ப நீச்சல் கத்துக்கறாங்க, தெரியுமா?" என்று சொல்லிவிட்டு மறுபடி கம்ப்யூட்டருக்குள் போய்விட்டாள். நீச்சலா. ஐயோ சாமி, இந்த வயசில். அடைக்கலமேரிக்கு அந்த அம்மாள் சேலையோடு இறங்குவாளா வேறெதையாவது மாட்டிக்கொண்டு இறங்குவாளா என்பதே யோசனையாக, சாவியை வாங்கிக்கொண்டு வராண்டாவின் அந்தக் கோடிக்கு நடந்தாள்.

பதிவறை கட்டடத்தின் மறு கோடி. பழைய எழுத்தர் பெரம்பலூருக்கு மாற்றலாகிப் போன பிறகு பூட்டியே கிடந்தது, திறந்ததும் தூசியும் நாஃப்தலீன் உருண்டையும் சேர்ந்த வாசனை முகத்தில் அடித்தது. இரும்பு அலமாரிகள், துணி மூட்டைகள், ஒரு மேஜை. பச்சை அட்டையைக் கண்டுபிடிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. எடுத்துக்கொண்டு திரும்பும்போதுதான் அது கண்ணில் பட்டது, மேஜைக்குப் பின்னால், நாற்காலி. ஏழு மாச நாற்காலி. இத்தனை நாளாக அவள் மனசில் இருந்த நாற்காலிக்கு மெத்தை இருந்தது, கை இருந்தது, என்னென்னமோ இருந்தது. இது ஒயர் பின்னின மர நாற்காலி, நடுவில் ஒயர் அறுந்து ஒரு பொத்தல், ஒரு கால் சின்னதாகி அதற்கடியில் அட்டை மடித்து வைத்திருக்கிறது. சீ, இதுக்கா. அவள் வாய்விட்டே சொல்லிவிட்டாள். கதவு திறந்துதான் கிடந்தது, யாரும் வரவில்லை. சேலைத் தலைப்பால் தூசியைத் தட்டினாள். பொத்தலுக்கு மேலே, இருபத்துநாலு வருஷம் ஸ்டூலிலேயே உட்கார்ந்த உடம்பை மெதுவாக இறக்கினாள். நாற்காலி கிறீச்சிட்டது, தாங்கிக்கொண்டது. ஸ்டூலுக்கு முதுகு இல்லை, இதற்கு முதுகு இருந்தது, சாய்ந்தபோது தோள்பட்டைக்கு நடுவே என்னமோ ஒன்று, இத்தனை வருஷமாக முறுக்கிக்கொண்டிருந்தது, தன்னால் இறங்கியது. நன்றாகத்தான் இருக்கிறது. சவரிமுத்து இப்படித்தான் உட்கார்ந்து ஜீப் ஓட்டியிருப்பார், பின்னால் சாய்ந்து, ஒரு கையை மட்டும் ஸ்டீயரிங்கில் போட்டு. கொஞ்ச நேரம் கழித்துத் திடுக்கென்றது, மணி அடித்திருக்குமோ. காதைக் கொடுத்துக் கேட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. அடித்திருக்கும், அடித்திருந்தாலும் கேட்காது, இந்தக் கோடிக்கு அந்த மணி எட்டாது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, எழுந்துவிடலாமா என்று பார்த்தாள், கால் எழுந்திருக்கப் பார்த்தது, இரு என்று முட்டியின் மேல் கையை வைத்து அழுத்தினாள். இரு. கூப்பிட்டா நடந்து வந்து கூப்பிடட்டும். படபடப்பு அடங்குவதாகக் காணோம். சுவரைப் பார்த்தாள், மத்தியானத்துச் சுவர், அவள் பயந்துகொண்டிருந்த அதே சுவர், காரை உதிர்ந்து, ஒரு பழைய காலண்டரோடு. பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். மூச்சு முட்டவில்லை. மெல்ல மெல்ல, டீ ஆறுகிற மாதிரி, நெஞ்சு ஆறியது. அப்பாவுக்கு இது கிடைக்கவில்லையே என்று அப்போதுதான் பட்டது. ஒருநாள் சங்கு, மறுநாள் சங்கு இல்லை. நடுவில் பழகிக்கொள்ள ஒரு வாரம்கூட யாரும் கொடுக்கவில்லை அந்த மனுஷனுக்கு. எனக்கு ஏழு மாசம் தருகிறார்கள். மணி எட்டாத அறையில், முதுகுள்ள நாற்காலியில், உட்கார்ந்து பழகிக்கொள்ள ஏழு மாசம், அதுவும் சம்பளம் கொடுத்து. யாருக்குக் கிடைக்கும். ஏப்ரல், மே, வெயில் காலம் வீட்டில் கிடக்கலாம், முட்டிக்கு எண்ணெய் போடலாம். ஜூன், ஜூலை சாயங்காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நடந்து பார்க்கலாம், முதலில் தெருமுனைவரைக்கும், அப்புறம் ரயில்வே கேட்டுவரைக்கும். ஆகஸ்டு. வேளாங்கண்ணி. வெளியே மறுபடியும் மேளம், இன்னொரு கூட்டம், இந்த அறை ஜன்னலில் தகரம் இல்லை, ரோடு முழுசாகத் தெரிந்தது. அந்தக் கூட்டத்தில் கடைசியாக ஒரு கிழவர் கம்பை ஊன்றி ஊன்றிப் போய்க்கொண்டிருந்தார், அவருக்காக யாரும் நிற்கவில்லை, அவரும் யாரையும் நிற்கச் சொல்லவில்லை, போய்ச் சேருவார். நீங்க வராட்டி என்ன, உங்க பங்கையும் சேத்து நான் நடந்துடறேன் என்று சவரிமுத்துவிடம் சொன்னாள். மோரு குடுப்பாங்கன்னு சொன்னீங்களே, குடிச்சிட்டு வந்து எப்படியிருந்துதுன்னு சொல்றேன். சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, துடைக்கப்போனால் தலைப்பெல்லாம் தூசி, புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

பச்சை அட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நேரே சூப்ரண்டு மேஜைக்கு வந்தாள். "எழுதிக்குங்க சார்." அவர் தயாராகவே வைத்திருந்தார், "விட்டுக்குடுக்கிறேன்னுதானே, எழுதியே வச்சிட்டேன், கையெழுத்துதான் பாக்கி" என்று தாளை நகர்த்தினார். "அது இல்லைங்க சார். ஒத்துக்கிறேன்னு எழுதுங்க." டைப் அடித்துக்கொண்டிருந்த பிரேமலதாவின் விரல் நின்றது. "அக்கா, நெஜமாவா?" என்றாள். சூப்ரண்டு கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "மேரிம்மா, நல்லா யோசிச்சீங்களா? மகன்கிட்டக் கேட்டீங்களா? ஏழு மாச நாற்காலிக்காகப் போயி ரெண்டு வருஷத்தை விடுறீங்களே!"

"விடலை சார்" என்றாள் அடைக்கலமேரி. "அந்த ரெண்டு வருஷத்தை நான் எடுத்துக்கிறேன்."

சந்தானகோபாலன் என்னமோ சொல்ல வாயெடுத்தார், அப்புறம் அவருக்கும் ஐம்பத்தெட்டு வர ரொம்ப நாள் இல்லை என்பது ஞாபகம் வந்ததோ என்னமோ, கண்ணாடியை மாட்டிக்கொண்டு புதுத் தாள் எடுத்து எழுத ஆரம்பித்தார். எழுதி முடித்து நீட்டியபோது அவள் வழக்கம்போல மேஜையோரம் குனிந்துதான் பேனாவை வாங்கினாள், குனிந்தவள் ஒரு கணம் நின்று, எதிரே கிடந்த நாற்காலியை, வெளியாட்கள் வந்தால் உட்காருகிற நாற்காலியை, இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். சம்பளப் பட்டியலில் மாசா மாசம் கிறுக்குகிற மாதிரி மேரி என்று கிறுக்கிவிட்டுப் போகப் பார்த்த கையை நிறுத்தினாள். இனிஷியல் போட்டு, முழுப் பேரையும் நிறுத்தி நிதானமாக எழுதத் தொடங்கினாள். பாதிப் பேரில் மணி அடித்தது. பச்சை அட்டை இன்னும் வரவில்லையே, அதற்காக இருக்கும். தொடை இறுகியது, குதிகால் தரையை அழுத்தியது, உடம்பு நாற்காலியிலிருந்து கொஞ்சம் எழும்பிக்கூட விட்டது. அப்படியே திரும்ப உட்கார்ந்தாள். மணி மறுபடி அடித்தது. "அக்கா, மேடம் கூப்பிடுறாங்க" என்றாள் பிரேமலதா.

"கேக்குது பிரேமா" என்றாள் அடைக்கலமேரி, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். "கையெழுத்துப் போட்டுக்கிட்டு இருக்கேன், வர்றேன்னு சொல்லு." மீதிப் பேரையும் எழுதி முடித்து, கீழே தேதி போட்டு, பேனாவை மூடி சூப்ரண்டிடம் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தாள்.